நான் கொட்டிய ‘உம்’

இது நீண்ட பதிவு. இதில் ஓர் ஒப்புதல் உள்ளது. அதனை விளக்கத் தேவையான அளவுக்குச் சிமெண்டைப் பற்றிய செய்திகளும் உள்ளன. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் கல்வி நிறுவனத்தின் கட்டடப் பொறியியல் ஆய்வுக்கூடத்திற்குப் பின்னால் ஒரு நடைபாதை உண்டு. அதில் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட இரண்டு பட்டைகள் அருகருகே பூசப்பட்டிருந்தன. முதற்பட்டை வழக்கமான சிமெண்ட் கலவை. இரண்டாவது பட்டையில் நானோ சிலிக்கா சேர்க்கப்பட்டிருந்தது. இரண்டாவதே உறுதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் செருப்பால் தேய்த்தால் வெண்பொடி கிளம்பியது இரண்டாவதில்தான். அதற்கான காரணமாக ஆய்வறிக்கையின் வரைவில் ‘தொழிலாளர் பிழை’ என்று எழுதப்பட்டிருந்தது. அது உண்மையன்று. பிழை என்னுடையது. அதற்கான சான்று என் ஒலிப்பதிவுக் கருவியிலேயே இருந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சில சொற்கள். முதுகலையில் மொழியியல் பயின்றேன். இப்போது தில்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கட்டடத் தொழிலாளர்களின் பேச்சில் வழங்கும் தொழிற்சொற்களைத் தமிழிலும் இந்தியிலும் திரட்டி ஒப்பிடுவது என் ஆய்வுப் பொருள். இத்தலைப்பை நான் நூலகத்தில் கண்டெடுக்கவில்லை. என் அப்பா வந்தவாசிப் பக்கத்தில் கொத்தனார். கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, ரசமட்டம் ஆகிய சொற்கள் பள்ளிக்குச் செல்லுமுன்பே என் காதில் விழுந்தவை.

விடுதியில் என் அடுத்த அறைத் தோழி கட்டடப் பொறியியல் ஆய்வாளர். சிமெண்டில் நானோ சிலிக்காவைச் சேர்ப்பது அவளுடைய ஆய்வு. ‘உன் சொற்களைத் திரட்ட வேலைத்தளம் தேடி அலைகிறாயே, எங்கள் கூடத்துக்கு வா’ என்று ஒருநாள் அழைத்தாள். உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் பட்டது ஒரு மணல் மூட்டை. அதன்மேல் ‘எண்ணூர்’ என்று ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நம் கடற்கரை மணலுக்கு என்ன வேலை என்று கேட்டேன். சிமெண்டின் வலிமையைச் சோதிக்கும்போது மணலின் தரம் இடத்துக்கு இடம் மாறக்கூடாது, ஆகவே ஐ.எஸ். 650 என்னும் இந்தியத் தரநிலை எண்ணூர் மணலையே சோதனை மணலாக நிறுவியுள்ளது என்றாள். மூன்று பருமன்களில் சம அளவு எடுத்து, 200 கிராம் சிமெண்டுக்கு 600 கிராம் மணல் என்று கலந்து, 70.6 மில்லிமீட்டர் பக்கமுடைய கனசதுரக் கட்டிகளாக வார்ப்பார்கள். அந்த விந்தையான எண்ணுக்கும் காரணம் உண்டு: அப்போதுதான் கட்டியின் முகப்பரப்பு ஏறத்தாழச் சரியாக 50 சதுர சென்டிமீட்டர் ஆகும், எடையைப் பரப்பால் வகுப்பது எளிது. ஊர்க்காரரைக் கண்ட மகிழ்ச்சியுடன் அந்த மூட்டையருகே அமர்ந்து என் முதற் குறிப்புகளை எழுதினேன்.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகவே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது தண்ணீருடன் வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் பூசிய பின்னும் பல நாள் தண்ணீர் காட்டுகிறோம். இந்தி பேசும் கொத்தனார்கள் இதனைத் ‘தராய்’ என்பர். அவ்வினையில் முக்கியமாக இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்னும் பசை போன்ற பொருள். கட்டடத்தின் வலிமை பெரும்பாலும் இதனால் வருவது. மற்றொன்று, கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பேதான். வலிமையில் இதன் பங்கு சிறியது. ஆனால் மிக நுண்ணிய சிலிக்கா கிடைத்தால் இச்சுண்ணாம்பு அதனுடன் வினைபுரிந்து மேலும் பசையாக மாறும். உரோமானியர்கள் எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து கட்டியபோது நிகழ்ந்ததும் இத்தகைய வினைதான். இத்தாலியின் பொட்சுவோலி என்னும் ஊர்ப்பெயரிலிருந்து இதற்குப் பொசோலானிக் வினை என்று பெயர் வந்தது.

நானோ சிலிக்கா இதே வேலையை மிக விரைவாகச் செய்கிறது. ‘நானோ’ என்னும் முன்னொட்டு குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தமிழில் ‘மீநுண்’ என்றும் வழங்குகிறோம். சிமெண்ட் துகளின் குறுக்களவு பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டர் என்றால், தோழி பயன்படுத்திய சிலிக்காத் துகள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது மூன்று வழிகளில் உதவுகிறது. சிமெண்ட் துகள்களின் இடைவெளிகளை நிரப்புகிறது. பசை வளர்வதற்குரிய வித்தாக அமைந்து இறுகலை முடுக்குகிறது. சுண்ணாம்புடன் வினைபுரிந்து புதிய பசையைத் தருகிறது. கல்லையும் மணலையும் ஒட்டியுள்ள மெல்லிய படலமே காரையின் நலிந்த பகுதி. அங்கு நுண்துளைகளும் சுண்ணாம்புப் படிகங்களும் மிகுதி. சிலிக்கா அவ்விடத்தையும் செறிவாக்குகிறது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் வருவதன்று. சுண்ணாம்புக்கல் சூளையில் சிதையும்போது அக்கல்லிலிருந்தே வெளியேறுவது. ஆகவே சிமெண்டைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலை மிகுதியாகச் சேர்க்க விரும்புகிறார்கள். சாம்பல் மிகுந்த கலவை முதல் சில நாள்களில் மெதுவாகவே வலிமை பெறும். அக்குறையை ஈடுசெய்ய நானோ சிலிக்கா உதவும் என்பதே தோழியின் ஆய்வுக்கு அடிப்படை.

ஆனால் எல்லாம் அளவில் இருக்கிறது. சிமெண்டின் எடையில் ஒன்றிரண்டு விழுக்காடே போதும். அதனைத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகிவிடும். திரண்ட கட்டி வலிமை தருவதற்கு மாறாகப் பழுதான புள்ளியாகிறது. நன்கு பிரித்துப் பரப்புவதற்கு மீயொலி அலைகளைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றைவிடப் பெரிய இடர் தண்ணீர்.

தோழி எனக்குச் செய்துகாட்டிய கணக்கை இங்கே தருகிறேன். சிமெண்டின் ஒவ்வொரு கிலோவிலும் உள்ள துகள்களின் மொத்தப் புறப்பரப்பு ஏறத்தாழ 300 சதுர மீட்டர். அரை மூட்டை, அதாவது 25 கிலோவுக்கு 7,500 சதுர மீட்டர். இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அவளுடைய சிலிக்காவுக்கு ஒரு கிராமிலேயே 200 சதுர மீட்டர். அரை மூட்டைக்கு ஒரு விழுக்காடு என்றால் 250 கிராம். அதன் புறப்பரப்பு 50,000 சதுர மீட்டர், பன்னிரண்டு ஏக்கருக்கு மேல். ஒரு சொம்பில் அடங்கும் அப்பொருள் இரண்டு ஏக்கர் நிலத்துடன் பன்னிரண்டு ஏக்கரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அத்தனை பரப்பும் நனைய வேண்டும். ஆகவே கலவை விரைவில் விறைத்துப்போகிறது. கரணையில் ஒட்டுகிறது, பலகைக்கு இழுபட மறுக்கிறது. கொத்தனாரின் கை இயல்பாகவே தண்ணீர்க் குவளையை நாடும்.

அங்கேதான் கெடுகிறது. சிமெண்டின் எடைக்கும் தண்ணீரின் எடைக்கும் உள்ள விகிதமே வலிமையைப் பெரிதும் முடிவுசெய்கிறது என்று டஃப் ஏப்ராம்சு 1918ஆம் ஆண்டிலேயே நிறுவினார். சிமெண்டுடன் வேதிமுறையில் பிணைவதற்கு அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்குத் தண்ணீர் போதும். மிகுதி கலவை இளகுவதற்காகச் சேர்ப்பது. அதில் வினைக்கு வேண்டாதது வெளியேறும்போது விட்டுச்செல்லும் வழிகள் நுண்துளைகளாக நின்றுவிடும். ஆகவே நானோ சிலிக்காக் கலவை விறைத்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. பாலிகார்பாக்சிலேட் வகை இளக்கியைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். அது துகள்களை ஒன்றையொன்று விலகச் செய்து, கூடுதல் தண்ணீரின்றியே கலவையை இளக்கும். தோழி அதனை அளந்து ஒரு சிறு புட்டியில் வைத்திருந்தாள். புட்டியின் மேல் ஒட்டிய தாளில் எழுதியிருந்தது ஆங்கிலம்.

பட்டை பூசிய நாளுக்கு வருகிறேன். பிப்ரவரி மாதத்துக் காலை. ஒப்பந்ததாரர் ஒருவர் வழியாக ஒரு மிஸ்திரியும் ஒரு கையாளும் வந்திருந்தனர். மிஸ்திரி பீகாரிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். உரையாடலைப் பதிவுசெய்ய அவரிடம் முன்பே இசைவு பெற்றிருந்தேன். முதற்பட்டை சிக்கலின்றி முடிந்தது. இரண்டாவதற்கு 25 கிலோ சிமெண்டுக்கு 11.25 லிட்டர் தண்ணீர், விகிதம் 0.45. சிலிக்கா தண்ணீரில் கரைசலாக வந்திருந்ததால் அதிலுள்ள தண்ணீரையும் கழித்துக் கணக்கிட்டிருந்தாள். பொடியாக வாங்கினால் காற்றில் பறந்து மூச்சில் ஏறும் என்பதும் கரைசலைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். கலவை சரியாகவே அமைந்தது. சோதனைக் கட்டிகளுக்கான அச்சுகளை எடுத்துவரத் தோழி உள்ளே சென்றாள். நான் கருவியுடன் மிஸ்திரியின் அருகில் நின்றேன்.

அடுத்த நான்கு நிமிடங்களைப் பின்னர் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். மிஸ்திரி பேசிக்கொண்டே வேலை செய்கிறார். இந்தியில் கலவைக்கு ‘மசாலா’ என்று பெயர். ‘மசாலா பகட் ரஹா ஹை’ என்கிறார். கலவை பிடித்துக்கொள்கிறது என்று பொருள். ‘பகட்’ என்னும் வினை இறுகலைக் குறிக்க இப்படி ஆளப்படுவதைக் கேட்டு நான் மகிழ்ந்து போனேன். தமிழ்க் கொத்தனார்களும் ‘கலவை பிடிச்சுக்கிச்சு’ என்பது உண்டல்லவா? குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். அவர் தொடர்கிறார்: ‘வழக்கத்தைவிட வேகமாகப் பிடிக்கிறது. ஒட்டுகிறது, பாருங்கள்.’ நான் எழுதிக்கொண்டே ‘ஹாங்’ என்கிறேன். ‘இது வேறு மாதிரி மசாலா.’ ‘ஹாங், ஹாங்.’ ‘தோடா பானி மார் தூம், மேடம்?’ கொஞ்சம் தண்ணீர் அடிக்கட்டுமா என்று கேட்கிறார்.

‘ஹாங்’ என்கிறது என் குரல்.

பிறகு தண்ணீர் ஊற்றும் ஓசை. மூன்று முறை.

கள ஆய்வு செய்வோர் அனைவருக்கும் இப்பழக்கம் உண்டு. எதிரே பேசுபவர் நிறுத்திவிடக்கூடாது என்பதற்காகத் தலையசைப்போம், ‘ம்’ என்போம், ‘ஆமாம்’ என்போம். கதை கேட்கும் குழந்தை உம் கொட்டுவது போலத்தான். விக்டர் இங்வே என்னும் மொழியியலாளர் 1970இல் இதற்குப் ‘பின்வழி’ என்னும் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார்: பேச்சின் முறையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாமல் கேட்பவர் அனுப்பும் குறிப்பு. ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதே அதன் பொருள், ‘உடன்படுகிறேன்’ என்பதன்று. முதுகலைத் தேர்வில் இவ்வேறுபாட்டை விளக்கி நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று கேட்டவர் கொத்தனார், நின்றவள் ‘மேடம்’. அவர் கேள்விக்குப் பின் வந்த ‘ஹாங்’ அவருக்கு அனுமதியாக மட்டுமே விளங்க முடியும். கேள்வி என்று ஒன்று வந்ததையே நான் கவனிக்கவில்லை. நான் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

தோழி திரும்பி வந்தபோது கலவை நன்றாக இளகியிருந்தது. அதிலிருந்தே சோதனைக் கட்டிகளை வார்த்தாள். ஏழாம் நாள் கட்டிகளை அழுத்திப் பார்த்தபோது நானோ சிலிக்காக் கட்டிகள் வழக்கமான கட்டிகளுக்கும் கீழே நொறுங்கின. ஆய்வுக்கூடத்தில் அதே விகிதத்தில் அவள் வார்த்தவை தெளிவாக மேலே இருந்தவை. எங்கோ தண்ணீர் கூடியிருக்கிறது என்று அவள் உடனே உணர்ந்தாள். கையாளைக் கேட்டபோது, ‘மிஸ்திரி கொஞ்சம் ஊற்றினார்’ என்றார். அவ்வளவுதான்; வரைவில் ‘தொழிலாளர் பிழை’ என்னும் இரண்டு சொற்கள் ஏறின. ஒப்பந்ததாரர் பட்டை கெட்டதற்காக மிஸ்திரியின் ஒருநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். இதை நான் பின்னரே அறிந்தேன்.

அன்றிரவே என் பதிவைக் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட, கேட்க அஞ்சி, பின் கேட்டேன் என்பதே சரி. மூன்று முறை தண்ணீர் விழும் ஓசைக்கு முன்னால் என் குரல் தெளிவாக இருந்தது.

ஒன்பது நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதுவதே இப்பதிவில் எனக்குக் கடினமானது. தோழியின் பல மாத உழைப்பு வீணாகியிருந்தது. அதற்குக் காரணம் நான் என்று சொன்னால் அவள் என்னை மீண்டும் கூடத்துக்குள் விடுவாளா என்று அஞ்சினேன். என் நெறியாளர் என்ன நினைப்பார் என்று எண்ணினேன். ‘தொழிலாளர் பிழை’ என்பதில் யாருடைய பெயரும் இல்லையே, யாருக்கு இழப்பு என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயரில்லாத சொல் என்பதால் யாரையும் தொடாது என்று ஒரு மொழியியல் மாணவி நம்ப முயன்றாள்.

பத்தாம் நாள் அப்பாவிடம் பேசினேன். சிமெண்டைப் பற்றி ஐயம் கேட்பது போலத்தான் தொடங்கினேன். ‘கலவை சீக்கிரம் இறுகினா நீங்க தண்ணி ஊத்துவீங்களாப்பா?’ என்றேன். ‘யாரு கேட்டாலும் ஊத்தக்கூடாதுன்னுதான் சொல்லுவேன். ஆனா ஊத்துவேம்மா. வேலை ஓடணும் இல்ல?’ என்றார். பிறகு நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் அமைதியாக இருந்தார். சிலிக்காவைப் பற்றியோ பட்டையைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. ‘அந்த ஆளுக்குக் கூலி குடுத்துட்டாங்களா?’ என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். ‘தெரிஞ்சுக்கோம்மா’ என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அந்த மிஸ்திரியைத் தேடிச் சென்றேன். அப்பதிவைப் பேச்சாய்வுக்காக மட்டுமே பயன்படுத்துவதாக அவரிடம் இசைவு பெற்றிருந்தேன். வேறொரு நோக்கத்துக்காக அதனைப் பிறருக்குக் காட்ட வேண்டுமென்றால் மீண்டும் கேட்பதுதான் முறை. வேறோரிடத்தில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். கூலி பிடிக்கப்பட்டதை அவரே சொன்னார். பதிவில் என் குரல் இருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. ‘நீங்கள் ஹாங் என்றீர்களே, எனக்கு நினைவிருக்கிறது’ என்றார். ‘அப்படியானால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?’ என்று கேட்டேன். ‘யாரும் கேட்கவில்லையே, மேடம்’ என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வழக்கமானதொன்றைச் சொல்லும் குரல்தான். பதிவைக் காட்டிக்கொள்ளச் சொன்னார். கூலியை நானே தருவதாகக் கூறினேன். ‘பிடித்தவர் தரட்டும்’ என்று மறுத்தார்.

அன்று மாலை தோழியின் அறைக்குச் சென்று நான்கு நிமிடப் பதிவை முழுவதும் போட்டுக்காட்டினேன். முடிந்ததும் அவள் எழுந்து சன்னலருகே சென்று நின்றாள். ‘ஒன்பது நாள்’ என்று மட்டும் சொன்னாள். எங்கள் நட்பில் அந்த ஒன்பது நாள் இன்னும் முற்றிலும் ஆறவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை அவளே என் கதவைத் தட்டினாள். ‘அந்த ஊற்றும் ஓசையை இன்னொரு முறை போடு’ என்றாள். வேலைத்தளத்தில் இருந்த அதே குவளையைக் கொண்டுவந்து அளந்தோம். ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடித்தது. மூன்று குவளை என்றால் 11.25 லிட்டர் 14.25 ஆகியிருக்கிறது, விகிதம் 0.45இலிருந்து 0.57க்கு ஏறியிருக்கிறது. கட்டிகள் ஏன் அப்படி நொறுங்கின என்பதற்கு அதுவே போதுமான விளக்கம். கெட்டுப்போனதாகத் தள்ளிவைத்த கட்டிகள், தண்ணீர் அளவு தெரிந்த கட்டிகளாகத் திரும்பி வந்தன.

மூவரும் சேர்ந்து அவளுடைய நெறியாளரைக் கண்டோம். ஆம், மிஸ்திரியும் வந்திருந்தார். நெறியாளர் பதிவைக் கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. மிஸ்திரியைப் பார்த்து, ‘எவ்வளவு நேரத்தில் பிடிக்கத் தொடங்கியது?’ என்று கேட்டார். ‘பாதிப் பட்டை இழுப்பதற்குள்’ என்றார் அவர். எங்கள் அட்டவணையில் கலவையின் இளக்கம் கலந்தவுடன் ஒருமுறை மட்டும் அளக்கப்பட்டிருந்தது. பதினைந்து நிமிடம், முப்பது நிமிடம் கழித்து அது எவ்வாறு மாறுகிறது என்பதை அளக்கவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் கலந்தவுடன் அச்சில் வார்த்துவிடுவதால் அக்கேள்வி எழவில்லை. இரண்டு மீட்டர் பட்டையை முழங்காலிட்டு இழுப்பவருக்கு அதுதான் முதற்கேள்வி. ‘மசாலா பகட் ரஹா ஹை’ என்று அவர் சொன்னது, அந்த அட்டவணையில் விடுபட்டிருந்த வரிசையைத்தான். நான் அதனை அழகிய வினைச்சொல்லாகக் குறித்துக்கொண்டேன்.

அறிக்கையில் ‘தொழிலாளர் பிழை’ நீக்கப்பட்டது. ‘கலவை எதிர்பார்த்ததைவிட விரைவாக விறைத்தது, மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில், உடனிருந்த பார்வையாளரின் இசைவுடன் ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீர் சேர்க்கப்பட்டது, இளக்கியைப் பற்றிய குறிப்பு தொழிலாளருக்குத் தெரிந்த மொழியில் இல்லை’ என்று எழுதப்பட்டது. ‘பார்வையாளர்’ நான்தான். துறைத்தலைவரின் கடிதத்துக்குப் பின் கூலி ஒப்பந்ததாரரிடமிருந்து கிடைத்தது. இரண்டு வாரம் ஆயிற்று.

ஏப்ரலில் மூன்றாவது பட்டை பூசினோம். அதே மிஸ்திரி. இளக்கிப் புட்டியில் சிவப்பு நாடா கட்டி, அவரே சொன்ன சொற்களில் ‘மசாலா பிடித்தால் இது, தண்ணீர் வேண்டாம்’ என்று தேவநாகரியில் எழுதினோம். தண்ணீர்க் குவளையைக் கலவைத் தட்டின் பக்கத்திலிருந்து அகற்றியதும் அவருடைய யோசனைதான். ‘பக்கத்தில் இருந்தால் கை போகும்’ என்றார். பட்டையை மூன்று சிறு கலவைகளாகப் பிரித்ததும் அவர் சொன்னதே. இருபத்தெட்டாம் நாள் கட்டிகள் வழக்கமான கலவையைத் தாண்டின; ஆய்வுக்கூட அளவைச் சற்றே எட்டவில்லை. மாயம் எதுவும் நிகழவில்லை. நானோ சிலிக்காவின் விலை சிமெண்டைவிடப் பன்மடங்கு. அந்த வேறுபாட்டை இவ்வளவு வலிமைக் கூடுதல் ஈடுசெய்யுமா என்பது தோழியின் ஆய்வில் தனி இயல்.

கலவையில் சேர்மானம் என்பது நமக்குப் புதிதன்று. சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துக் கட்டியவர்களின் வழியில் வந்தவர் என் தாத்தா. அதில் நானோ இருந்தது என்று பெருமை பேசும் செய்திகளை நான் நம்புவதில்லை. எனக்குத் தோன்றுவது வேறொன்று. கடுக்காயை எத்தனை நாள் ஊறவைப்பது, எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்பவை கலவை பிசைகிறவரின் வாயிலேயே இருந்தன; பொருளும் அதனைப் பற்றிய சொல்லும் ஒரே கையில் வந்து சேர்ந்தன. இன்று 250 கிராம் பொருள் ஆய்வுக்கூடத்திலிருந்து வேலைத்தளத்துக்கு ஐம்பது அடி தூரம் செல்கிறது. அதனைப் பற்றிய சொல் ஆங்கிலத் தாளில் ஒட்டியபடி புட்டியிலேயே நின்றுவிடுகிறது. அரை மூட்டைக்கு மூன்று குவளைத் தண்ணீர் போதும், அத்தனை நுட்பத்தையும் கரைத்துவிட.

இதனைப் படிக்கும் பொறியியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேட்டில் ‘தொழிலாளர் பிழை’, ‘கள நிலையில் ஏற்பட்ட மாறுபாடு’ என்று எழுதுமுன் ஒருமுறை அவரிடம் கேளுங்கள். கலவையில் என்ன மாறியது என்பதை உங்களுக்கு முன்பே அவருடைய கை அறிந்திருக்கக்கூடும். மொழியியல் மாணவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். களத்தில் உம் கொட்டும்போது, எதற்குக் கொட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாம் பதிவுசெய்பவர்கள் மட்டும் என்று நினைக்கிறோம். எதிரே நிற்பவர் நம்மை அப்படிப் பார்ப்பதில்லை.

கெட்டுப்போன இரண்டாவது பட்டையைப் பெயர்த்துவிடலாமா என்று தோழி கேட்டாள். இருக்கட்டும் என்றேன். நூலகத்துக்குச் செல்லும்போது அதன்மேல்தான் நடக்கிறேன். வெண்பொடி இன்னும் செருப்பில் ஒட்டுகிறது.

மிஸ்திரியின் இசைவுடனும் தோழியின் இசைவுடனும், அவர்கள் விரும்பியவாறு பெயர் குறிப்பிடாமல், இதனை எழுதியுள்ளேன். சிமெண்டைப் பற்றி நான் எழுதியதில் பிழை இருந்தால் அறிந்தோர் திருத்துக. உங்கள் ஊர்க் கொத்தனார்கள் கலவை விறைப்பதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்பதையும் ஊர்ப்பெயருடன் எழுதினால் மகிழ்வேன். இம்முறை முழு வாக்கியத்தையும் கேட்டு எழுதிக்கொள்வேன்.